'நாந்தான்' என்ற மச்சாள்

அடிப்பிடித்த சோற்றுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கடல் வந்து கல்லடிக் கரையை வழித்துக்கொண்டு போன பிறகு எங்களையெல்லாம் கொண்டுபோய் வைத்திருந்த பள்ளிக்கூடம் அது. எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே கிடாரத்தில் சமையல். அன்றைக்கு அடுப்படியில் நின்ற பெண்கள், வாசலில் சேலை பங்கிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரே ஓட்டமாக ஓடிவிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தால் சோறு கருகிப் புகைகிறது. "ஆருகா பார்க்காம விட்டது?" என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறாள். அந்த நேரம் பார்த்துக் கிணற்றடியில் குளித்துவிட்டுத் தலையில் துவாயோடு வந்தாள் மச்சாள். விசயம் இன்னதென்று முழுதாகக் கேட்கவும் இல்லை.

"நாந்தான்கா. குளிக்கப் போகாம நான் நிண்டு பார்த்திருக்கோணும்" என்றாள்.

எல்லாருக்கும் நிம்மதி. ஆள் கிடைத்துவிட்டது. அவளை இரண்டு வார்த்தை ஏசிவிட்டுக் கருகாத சோற்றை மேலாக அள்ளிப் பங்கிட்டார்கள். அன்றைக்குச் சமையல் முறை அவளுடையதே இல்லை என்பது எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியும்.

அவள் எனக்குத் தூரத்துச் சொந்தம், மச்சாள் முறை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள். நாற்பதைத் தொட இன்னும் கொஞ்சம் இருந்தது. பேரைச் சொன்னால் எங்கள் பக்கத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் மச்சாள் என்றே இருக்கட்டும். கொடிபோல மெலிந்த உடம்பு, நீண்ட கழுத்து, எப்போதும் யாரிடமோ மன்னிப்புக் கேட்க வந்தவள் போன்ற ஒரு நிற்பு. எனக்கு அவளைக் கண்டால் முதலில் வருவது கோபம். பிறகுதான் பாசம். நான் வாய்க்காரி, ஒரு சொல் கேட்டால் நாலு சொல் திருப்பிக் கொடுக்கிற ஆள். தன்னில் இல்லாத பிழையை ஒருத்தி வலிய வாங்கித் தலையில் வைத்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கறண்ட் போனால்கூட, "இப்பதான்கா நான் ரேடியோவப் போட்டன்" என்பாள். ஊருக்கே போன கறண்டை இவளுடைய ரேடியோவா குடித்தது?

"உன்ட கலியாணத்தண்டு மழை பெய்ததும் உன்னாலயா?" என்று ஒரு நாள் பகிடிக்குக் கேட்டேன்.

"ஓம்கா, சின்ன வயசில நான் தேங்காய்ப்பூ திண்டு திரிஞ்சனான்" என்றாள். தேங்காய்ப்பூ தின்றவளின் கலியாணத்தில் மழை பெய்யும் என்று சொல்வார்கள்; அதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்தாள்.

அவளுடைய புருசனைக் கடல் கொண்டுபோனது. பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு அவர் ஆரையம்பதியில் ஒரு வேலைக்கு வெள்ளனவே போக இருந்தாராம். "நாந்தான் மறிச்சன். இடியப்பம் அவியுது, திண்டுட்டுப் போங்க எண்டன்" என்று பள்ளிக்கூடத்து விறாந்தையில் இருந்தபடி வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வந்தபோது இவள் கையில் ஒரு தென்னை அகப்பட்டது. அவர் கையில் எதுவும் அகப்படவில்லை. அதையும் தன் பிழையாகத்தான் சொன்னாள். தென்னை இருந்த பக்கம் தான் நின்றுவிட்டாளாம்.

பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே அவள் இன்னும் மெலிந்துபோனாள். தண்ணீர் குடித்தபடியே இருப்பாள், ஒன்றுக்குப் போனபடியே இருப்பாள். நாங்கள் துக்கம் என்று நினைத்தோம். வைத்திய முகாமுக்கு வந்தவர்கள் விரலில் குத்திப் பார்த்து, சீனி வருத்தம் என்று குளிசை கொடுத்தார்கள். குளிசையும் கேட்டது. எங்களுக்கு வாவிக்கு இந்தப் பக்கம், கடலுக்குத் தள்ளி வீடு கட்டிக் கொடுத்து, அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரிகள் ஆனபோது அவள் நன்றாகத்தான் இருந்தாள். எனக்குப் பிரஷர், அவளுக்குச் சீனி. இரண்டு பேரும் ஒரே நாளில் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போய்வருவோம்.

பிறகு குளிசை கேட்காமல் போயிற்று. ஒன்றை இரண்டாக்கினார்கள், வேறு நிறத்தில் இன்னொன்று கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் சீனி முன்னதைவிடக் கூடத்தான் நின்றது. கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ், நல்ல மனுசிதான், ஆனால் சத்தம் பெரிது. வரிசை முழுவதும் கேட்கக் கேட்டாள்: "என்னம்மா கள்ளத்தீன் தின்னுறீங்க? உண்மையச் சொல்லுங்க."

"ஓம் மிஸ். தொதல் திண்டுட்டன்" என்றாள் மச்சாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். காலையில் அவள் குடிக்கிற வெறுந்தேத்தண்ணியில் ஒரு துளி இனிப்பு இருக்காது. ஆனால் மனுசர் மனம் இருக்கிறதே, அடுத்த கணமே எனக்கும் ஒரு சந்தேகம் வந்தது. தின்னாமலா சொல்வாள்? ஒரே சந்தில் இருந்த எங்கள் ஒழுங்கைப் பெண்களுக்குச் சந்தேகமே இல்லை. "புருசன் போன கவலையில வாய் கேக்குது போல" என்று பரிதாபப்பட்டார்கள். ஒருத்தி அவளுடைய சீனி டின்னைத் திறந்து பார்த்துவிட்டு வந்தாள். வீட்டில் விசேசம் என்றால் பலகாரத் தட்டை அவளுக்கு எட்டாத இடத்தில் வைத்தார்கள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். போன மாதம் தொதல் என்றால் இந்த மாதம் லட்டு, அடுத்த மாதம் கட்டித் தயிரும் பாணியும் என்று, கேட்கிறவர்களுக்கு வேண்டிய பதிலைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தின்றதாகச் சொன்னதால் குளிசையைக் கூட்டினார்களே தவிர, வேறு எதையும் யாரும் யோசிக்கவில்லை. ஆள் எலும்பும் தோலுமாகிக்கொண்டு வந்தாள்.

அந்த நேரத்தில்தான் கிளினிக்குக்கு ஒரு புது டொக்டர் வந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பெடியன், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "லட்டுச் சாப்பிட்டதெண்டு எழுதியிருக்கு. உண்மையோ அம்மா?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர்."

"எந்தக் கடையில வாங்கினீங்கள்?"

மச்சாள் முழித்தாள். அவளிடம் இதுவரைக்கும் அதை யாரும் கேட்டதில்லை. பிழையை ஏற்றுக்கொள்ளத்தான் அவளுக்குத் தெரியும், அதற்கு ஒரு கடை வேண்டும், விலை வேண்டும், சுற்றிக் கொடுத்த கடதாசி வேண்டும் என்று தெரியாது. என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நீங்கள் சாப்பிடேல்ல அம்மா" என்றார் டொக்டர். "ஏன் சாப்பிட்டதெண்டு சொன்னீங்கள்?"

"கேட்டாங்க" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. அவள் மெலிவைப் பார்த்தார், வயதைப் பார்த்தார், கழுத்தைத் தடவிப் பார்த்தார். குடும்பத்தில் யாருக்குக் கழலை, யாருக்குச் சீனி என்று கேட்டார். ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். யுத்தத்தால் பாதை திறப்பதும் பூட்டுவதுமாக இருந்த காலம், பதில் வர வெகுநாளாகியது. வந்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் இருத்தி வைத்துச் சொன்னார். இது தீனியால் வந்த சீனி இல்லையாம். கிருமியை அடிப்பதற்கென்று உடம்புக்குள் காவல் இருக்கிறதாம். அந்தக் காவல்காரன் வீட்டுக்காரனையே கள்ளன் என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிட்டானாம். இன்சுலின் சுரக்கிற இடம் அடிபட்டு அடிபட்டுக் குறைந்துகொண்டு வருகிறதாம். பிள்ளைகளுக்கு இது வந்தால் அந்தச் சுரப்புச் சடாரென்று நின்றுவிடும், வளர்ந்தவர்களுக்கு ஆறுதலாகப் போகும், அதனால்தான் ஆரம்பத்தில் குளிசை கேட்டிருக்கிறது என்றார். நான் மச்சாளைப் பார்த்தேன். இவளுடைய உடம்பு வேறெப்படி நடக்கும் என்று எனக்குத் தோன்றியது.

சந்தோசப்படுவாள் என்றுதான் நினைத்தோம். அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

"நான் ஒரு பிழையும் விடாம ஏன் டொக்டர் வரோணும்?"

"அது அப்பிடித்தான் அம்மா. காரணம் இல்லாமலும் வரும்."

"காரணம் இல்லாம எப்பிடி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மடியில் வைத்திருந்த பிள்ளையை யாரோ பறித்துக்கொண்ட மாதிரி அழுதாள். அன்றைக்குத்தான் எனக்கு அவளைப் பற்றி ஏதோ விளங்கியது. பிழை தன்னுடையதென்றால், அதைச் செய்யாமல் இருந்திருந்தால் புருசன் இருந்திருப்பார். பிழையே இல்லையென்றால் கடல் சும்மா வந்து சும்மா போயிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அவள் எப்படி நித்திரை கொள்வாள்? இடியப்பக் கதையும் லட்டுக் கதை மாதிரித்தானோ என்று அன்றைக்கு யோசித்தேன். கேட்கத் துணிவு வரவில்லை.

இன்சுலின் ஊசி தொடங்கினார்கள். டொக்டர் சொன்னார்: "உடம்புக்குள்ள இன்னும் கொஞ்சம் சுரக்குது. அது முழுக்க நிக்கிற நாள் ஒண்டு வரும். நீங்கள் மெலிவு, ரத்தத்தில அந்தக் காவல்காரரும் கூடத்தான் இருக்கினம். அதால கனகாலம் எடுக்காதெண்டு நினைக்கிறன். அதுக்குப் பிறகு ஊசியை ஒரு நாளும் விடேலாது."

"எப்ப டொக்டர் அந்த நாள்?"

"நாள் சொல்லேலாது அம்மா. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு மாதிரி."

மிஸ் தன் பங்குக்குச் சொன்னாள்: "ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இரிக்கப்படாது. மயங்கி விழுந்துடுவீங்க." அது நல்ல புத்திதான். அந்தப் புத்தியை நாங்கள் திருப்பிப் போட்டோம். சாப்பிடாத நாளில் ஊசியும் இல்லை என்று விளங்கிக்கொண்டோம். அவள் மட்டும் அல்ல, நானும்.

அவளுடைய மருந்து என் வீட்டு பிரிட்ஜில் இருந்தது. அவள் வீட்டில் பிரிட்ஜ் இல்லை. காலையும் மாலையும் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, "கரைச்சல்தான்கா உனக்கு" என்று சொல்லிவிட்டு எடுத்துப் போடுவாள். அந்த வருசம் வைகாசியில், வருசத்துக்கு ஒரு முறை திறக்கிற அம்மன் கோயில் கதவு திறந்தபோது அவள் விரதம் பிடித்தாள். இளநீர் மட்டும். ஊசி போட வரவில்லை. விரதம் முடிந்து வந்தாள், களைப்பாக இருந்தாள், ஆனால் நடமாடினாள். "பார்த்தியா, ஒண்டும் செய்யல்ல" என்றாள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. டொக்டர் வெருட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டோம். உள்ளே மிச்சம் இருந்த கொஞ்சம் அந்த முறை அவளைக் காப்பாற்றியது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த வருசம் யுத்தம் முடிந்த வருசம். எங்கள் பக்கத்தில் சண்டை முன்னமே ஓய்ந்துவிட்டது. வன்னியில் நடந்தது. ரேடியோவைச் சத்தம் குறைத்து வைத்துக் கேட்போம். அங்கே பிள்ளைகள் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறதுகளாம் என்று சொல்வார்கள். சொல்லிவிட்டு நாங்கள் மீன் குழம்பு வைத்துத் தின்போம். தின்றுகொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் இருப்போம். முடிந்துவிட்டது என்று அறிவித்த அன்று டவுன் பக்கம் வெடி கொளுத்தினார்கள். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். மச்சாளுக்கு வன்னியில் ஒரு சொந்தமும் இல்லை, அங்கே அவள் போனதும் இல்லை.

"அங்க சனம் பசியில செத்திருக்கு. நான் இஞ்ச மூண்டு நேரமும் திண்டன்" என்றாள்.

"நீ திங்காம விட்டிருந்தா அதுகளுக்குக் கிடைச்சிருக்குமா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவள் சோற்றுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். கோயில் கதவு திறக்கும் முன்னமே விரதத்தைத் தொடங்கிவிட்டாள். இந்த முறை இளநீரும் இல்லை, வெறும் தண்ணீர். நான் அம்மனுக்கென்று மீனை மட்டும் விட்டேன், சோற்றை விடவில்லை. பிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் அவளுடைய மருந்துக் குப்பி, வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. அதைத் தள்ளிவிட்டுத்தான் தயிர்ச் சட்டியை எடுத்தேன்.

கோயிலில் மத்தியானப் பூசை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் பக்கம் நெருக்கம். பறை உரத்து, வேப்பிலை வாசம் மண்டபம் முழுக்க நிறைந்த நேரம், மச்சாள் தூணோடு சாய்ந்து மூச்சு வாங்கத் தொடங்கினாள். சாதாரண மூச்சு இல்லை. ஓடி வந்தவள் மாதிரி, அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து. கண் பாதி செருகிப்போயிற்று. முகம் சிவந்தது. "அம்மன் வந்திட்டா" என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான். குலவை போட்டார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். கையில் வேப்பிலைக் கொத்தைச் சொருகினார்கள். வாழ்நாள் முழுக்க ஒதுங்கி நின்றவள் முன்னால் பெண்களெல்லாம் கும்பிட்டு விழுந்தார்கள். நானும் விழுந்தேன்.

எங்கள் ஒழுங்கை மூத்தவள் ஒருத்தி, பயத்தோடு கேட்டாள்: "தாயே, ஏன் தாயே எங்களுக்கு இவ்வளவு அழிவு? நாங்க என்ன குறை விட்டம்?"

விழுந்தவர்கள் விழுந்தபடியே தலையை நிமிர்த்திப் பார்த்தோம். மச்சாளின் உதடு அசைந்தது.

"நாந்தான்..." என்றாள். மூச்சை இழுத்தாள். "என்ட பிழை... நாந்தான்."

கூட்டம் புல்லரித்துப்போய்க் கும்பிட்டது. எனக்கு மட்டும் கும்பிட்ட கை இறங்கிவிட்டது. எந்த அம்மன் தன்னில் பிழை சொல்லும்? எங்கள் அம்மன் வந்தால் ஊரைத்தான் ஏசுவாள், பூசாரியைத்தான் ஏசுவாள். இது அம்மன் இல்லை. இது அவள்தான். எழும்பி அவள் முகத்துக்குக் கிட்டப் போனேன். மூச்சில் பழுத்து அழுகப் போகிற அன்னாசிப் பழத்தின் வாடை அடித்தது.

"விடுங்கடி, இவளுக்கு வருத்தம்" என்று கத்தினேன். விடவில்லை. தெய்வத்தைத் தொடாதே என்று என்னைப் பிடித்து இழுத்தார்கள். நான் ஒருத்தியைத் தள்ளினேன், இன்னொருத்தியின் கையைக் கடித்தேன். அது இன்றைக்கும் எங்கள் ஒழுங்கையில் கதை. ஓட்டோவில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டும்போது அவள் வேப்பிலையை இறுக்கிப் பிடித்தபடியே கிடந்தாள், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை.

வார்டில் கண் முழிக்க இரண்டு நாளாகியது. அந்த டொக்டர்தான் இரண்டு நாளும் வந்து வந்து பார்த்தார். உள்ளே சுரந்தது முழுதாக நின்றுவிட்டது, தான் சொன்ன அந்த நாள் இந்த விரதத்துக்குள் வந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார். அவள் கொஞ்சம் தெளிந்து, நிமிர்ந்து இருக்கும்படி ஆன பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். அவர் முகம் செத்துப்போயிருந்தது.

"அம்மா, பிழை என்னில. ஒரு நாளும் விடேலாது எண்டு சொன்னனான். சாப்பிடாட்டிலும் போட வேணும் எண்டு பிரிச்சுச் சொல்லேல்ல. இஞ்சத்தைய சனம் விரதம் பிடிக்கும் எண்டு நான் யோசிச்சிருக்க வேணும்."

அன்றைக்கு வார்டில் முறையாக இருந்த அந்தக் கிளினிக் மிஸ் மருந்துத் தட்டோடு அப்படியே நின்றாள். நான் கால்மாட்டில் நின்றேன். மச்சாள் என்ன சொல்லப் போகிறாள் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் மனப்பாடம். மிஸ்ஸின் வாயோரத்தில் சிரிப்புக்கூட வந்துவிட்டது.

மச்சாள் சேலைன் குழாயில் விழுகிற துளிகளைப் பார்த்தாள்.

"ஓம் டொக்டர். நீங்க சொல்லல்ல" என்றாள்.

டொக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை.

"இவளும் கேக்கல்ல. இவட பிரிட்ஜிலதான் மருந்து. எடுக்காமக் கிடக்கிறத ஒவ்வொரு நாளும் கண்டவள். என்னகா ஊசி போடல்லியா எண்டு ஒரு சொல்லுக் கேக்கல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நானும் போடல்ல. மூண்டு பேரும்தான் டொக்டர்."

நாலு சொல் திருப்பிக் கொடுக்கிற நான் கட்டில் விரிப்பை இழுத்துச் சரிசெய்தேன். வெட்கமாகப் போயிற்று. எனக்கு வந்தது மூன்றில் ஒரு பங்கு. அதையே எனக்குத் தூக்க முடியவில்லை. எங்கள் எல்லாருடையதையும் இத்தனை வருசம் இவள் தலையில் நாங்கள் ஏற்றிவிட்டு நிம்மதியாகத் திரிந்திருக்கிறோம்.

தண்ணீர் கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன். அவசரத்தில் கோப்பை அவள் பல்லில் பட்டது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பரவாயில்லைகா, நாந்தான் என்று இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்துக்கொண்டு நின்றேன்.

அவள் தண்ணீரைக் குடித்து முடித்தாள். கோப்பையை என் கையில் தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.